ஆழமும் அலையும்

மூன்றாம் ஆண்டு, தாவரவியல்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் எங்கள் துறை மாணவர்கள் மண்டபம், பாம்பன் கடற்கரைப் பகுதிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கடற்பாசிகளைச் சேகரித்தோம். அவற்றை அலசித் தாளில் பரப்பி, மேலே மெல்லிய துணியிட்டு, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஹெர்பேரியம் தாள்களாகக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். நான் ஒட்டிய சர்காசம் பாசி கிளை ஒன்றும் ஒடியாமல், இலை ஒன்றும் மடியாமல், எனக்கே பெருமை தரும்படி அமைந்திருந்தது.

பேராசிரியர் தாளை வாங்கினார். பாசியை அவர் பார்க்கவில்லை. கீழ் மூலையில் ஒட்டியிருந்த சீட்டைத்தான் பார்த்தார். பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் எழுதியிருந்தேன். 'ஆழம்', 'நீரின் அசைவு' என்னும் இரண்டு இடங்களும் வெறுமையாக இருந்தன.

"தம்பி, இந்த இரண்டையும் ஏன் விட்டுவிட்டாய்?"

"பாசி நன்றாகத்தான் வந்திருக்கிறது, சார். அந்த இரண்டும் அவ்வளவு முக்கியமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "உலகத்திலேயே பெரிய பாசி எது, அது எங்கே வளர்கிறது என்று படித்துப் பார். பிறகு இந்தக் கேள்வியை உன்னிடமே கேட்டுக்கொள்" என்றார்.

படித்தேன். அந்தப் படிப்பின் பயனே இக்கட்டுரை. இதில் நான் சொல்லப்போகும் கடலடிக் காட்டை நான் கண்ணால் கண்டவன் அல்லன். குளிர்ந்த கடலில் கால் நனைத்தவனும் அல்லன். படித்தறிந்ததை என்னைப் போன்ற மாணவர்களுக்குப் புரியும் வகையில் எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

கடலுக்குள் ஒரு காடு

பாசி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஊர்க் குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கிவிடும் பச்சைப் படலம். அசையாத தண்ணீரில்தான் பாசி படரும் என்பது இளமையிலேயே நம் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணம். ஆனால் உலகின் மிகப் பெரிய பாசியோ, ஓயாது அலை மோதும் குளிர்ந்த கடல்களின் பாறைக் கரையோரங்களில் வாழ்கிறது. அதன் பெயர் மாக்ரோசிஸ்டிஸ் பைரிஃபெரா. கெல்ப் என்று பொதுவாக வழங்கும் பழுப்புப் பாசிக் கூட்டத்தில் அதுவே தலைமகன். கலிபோர்னியா, சிலி, தென் அமெரிக்காவின் தென்முனை, டாஸ்மேனியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் அது வளர்கிறது. அதன் உறவினங்கள் நார்வே, ஜப்பான், தென்னாப்பிரிக்கா, அலாஸ்கா முதலிய கரைகளில் உள்ளன.

இதனை மரம் என்று சொல்வதற்கில்லை. வேர் என்பது இதற்கு இல்லை. கிளை விட்ட விரல்களைப் போன்ற ஒரு பற்றுறுப்பு கடலடிப் பாறையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அது பிடிக்குமேயன்றி, மரவேரைப் போல் உணவு உறிஞ்சித் தருவதில்லை. பற்றுறுப்பிலிருந்து கயிறு போன்ற தண்டுகள் பல மேலெழுகின்றன. ஒவ்வோர் இலைப்பகுதியின் அடியிலும் ஒரு காற்றுப்பை உண்டு. இக்காற்றுப்பைகளே தண்டைத் தூக்கி நிறுத்துகின்றன. 30 மீட்டருக்கும் மேல் நீண்டு, நீர்மட்டத்தை எட்டியபின் அங்கே படுத்துப் பரவி ஒரு கூரை வேய்ந்துவிடுகிறது. பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது! நல்ல சூழ்நிலையில் ஒரே நாளில் அரை மீட்டர் வரை வளரவும் வல்லது.

பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வின், 1834ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் தென்முனையில் இக்காடுகளைக் கண்டு வியந்தார். வெப்பமண்டலத்து நிலக் காடுகளோடு மட்டுமே இவற்றை ஒப்பிட முடியும் என்று கருதினார். நிலக்காடு ஒன்று அழிவதால் மடியும் விலங்கினங்களைக் காட்டிலும், கெல்ப் அழிந்தால் மடியும் இனங்கள் மிகுதி என்பது அவர் கருத்து. மீன், நண்டு, நத்தை, நட்சத்திரமீன், கடல் நீர்நாய் என்று எண்ணற்ற உயிர்களுக்கு இக்காடே வீடு, இக்காடே உணவு.

இத்தகைய காடு எங்கே வளரும், எங்கே வளராது என்பதை முடிவு செய்பவை எவை? பிடித்துக்கொள்ளப் பாறை வேண்டும், நீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பவை உண்மையே. ஆனால் ஒரே பாறைக் கரையில், ஒரே குளிர்ந்த கடலில், ஓரிடத்தில் காடு செழித்தும் சற்றுத் தள்ளி ஒன்றுமே இல்லாமலும் இருப்பதுண்டு. அதற்கு விடை தருபவை இரண்டு. ஒன்று ஆழம்; மற்றொன்று நீரின் அசைவு. நான் என் சீட்டில் வெறுமையாக விட்ட அதே இரண்டு!

ஆழம் வகுக்கும் எல்லை

கடலில் இறங்க இறங்க வெளிச்சம் குறைகிறது. இது யாவரும் அறிந்ததே. எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காண்போம். ஒரு கடலில் மூன்று மீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகிறது என்று கொள்வோம். 3 மீட்டரில் நூற்றுக்கு ஐம்பது. 6 மீட்டரில் இருபத்தைந்து. 9 மீட்டரில் பன்னிரண்டரை. இப்படியே போனால் 20 மீட்டர் ஆழத்தில் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சமே எஞ்சும். ஏறத்தாழ இந்த நூற்றில் ஒரு பங்குதான் பெரும்பாலான கெல்ப் இனங்களுக்குக் கீழெல்லை. அதே கடலில் சேறு கலங்கி, ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகுமானால், அந்த எல்லை 10 மீட்டருக்கு ஏறிவிடும். பாறை இருக்கும்; குளிர்ச்சி இருக்கும்; காடு இராது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எனக்கும் எழுந்தது. கெல்ப்பின் தலைதான் நீர்மட்டத்தில் வெயிலில் மிதக்கிறதே, அடியில் இருட்டாக இருந்தால் அதற்கென்ன? வளர்ந்த கெல்ப்பைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி சரியானதே. மேற்பரப்பில் உள்ள இலைகள் தயாரிக்கும் உணவு, தண்டினுள் உள்ள சல்லடைக் குழாய்கள் போன்ற திசுக்கள் வழியாகக் கீழே பற்றுறுப்பு வரை இறங்குகிறது. பாசிகளில் இத்தகைய ஏற்பாடு மிக அரிது.

ஆனால் எந்தக் கெல்ப்பும் 30 மீட்டர் நீளத்தோடு பிறப்பதில்லை. கெல்ப் வெளியிடும் ஸ்போர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அவை கடலடிப் பாறையில் விழுந்து, ஆண் பெண் என்னும் நுண்ணிய பாலணுத் தாவரங்களாகின்றன. அவை ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தால்தான் கருவுறுதல் நிகழும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்போருக்கு மேல் விழுந்த இடங்களிலேயே மாக்ரோசிஸ்டிஸின் இளஞ்செடிகள் தோன்றுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கருவிலிருந்து தோன்றும் குழந்தைக் கெல்ப், கடலின் அடித்தளத்து அரையிருட்டில்தான் தன் வாழ்வைத் தொடங்க வேண்டும். ஆகவே காட்டின் ஆழத்தைத் தீர்மானிப்பது மேலே வெயில் காயும் பெரிய கெல்ப் அன்று. கீழே இருட்டில் கிடக்கும் அதன் குழந்தையே.

போதாக்குறைக்குத் தாயின் கூரையும் அந்தக் குழந்தைக்கு எதிராக நிற்கிறது. நெருங்கிப் படர்ந்த மேற்கூரை, உள்ளே விழும் ஒளியில் பெரும் பகுதியை மறைத்துவிடுகிறது. ஆலமரத்தடியில் வேறொரு கன்று எழாததைப் போன்றதே இது. இந்தக் கூரையைத் திறந்துவிட யாராவது வரவேண்டும். அது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அசையும் நீர் ஊட்டும்

வேரில்லாத கெல்ப் எதை உண்டு வாழ்கிறது? கரியமில வாயு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு முதலியவற்றை இலைகளின் மேற்பரப்பு முழுவதாலும் நேரே கடல்நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கடலே அதற்கு மண்.

ஈரவேட்டியைக் கொடியில் போடுகிறோம். காற்றில்லாத நாளில் அது உலர வெகுநேரமாகும். காற்றடிக்கும் நாளில் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். வேட்டியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்று விலகாதவரை, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடிவதில்லை. இதே நிகழ்ச்சியைத் தலைகீழாக்கிப் பார்த்தால் கெல்ப்பின் கதை விளங்கும். இலையை ஒட்டி, மில்லிமீட்டரிலும் குறைந்த கனத்தில், அசையாத நீர்ப் படலம் ஒன்று உண்டு. இலை தனக்கு வேண்டிய சத்தை அந்தப் படலத்திலிருந்து எடுத்துத் தீர்த்துவிடுகிறது. நீர் அசையாமல் நின்றால் படலம் தடித்துவிடும். புதிய சத்து அதனூடே மெல்ல மெல்லத்தான் ஊறிவரும். சுற்றிலும் உணவிருந்தும் இலை பட்டினி கிடக்கும். நீர் ஓடினால் படலம் மெலியும். சத்து விரைந்து வந்து சேரும்.

இதற்குப் பேரோட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. நொடிக்கு நான்கைந்து சென்டிமீட்டர் வேகமே பெரும்பாலும் போதுமானது. அதற்குமேல் வேகம் கூடினாலும் உண்ணும் அளவு அவ்வளவாகக் கூடுவதில்லை. இது நாம் நடக்கும் வேகத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சிறு அசைவும் இல்லாவிட்டால் ஒளிச்சேர்க்கையும் நைட்ரேட்டு உட்கொள்ளலும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அசையாத நீரில்தான் பாசி படரும் என்ற என் பழைய எண்ணம் இந்த இடத்தில்தான் உடைந்தது.

இன்னொரு வியப்பும் உண்டு. காடு அடர்ந்தால், அக்காடே நீரோட்டத்தைத் தடுத்துவிடுகிறது. சான்டியாகோ நகரை ஒட்டிய பாயின்ட் லோமா கெல்ப் காட்டில் அளந்து பார்த்து 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, காட்டுக்குள் நீரோட்டம் வெளியே உள்ளதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஓரத்தில் நிற்பவை முதல் பந்தியில் உண்கின்றன. நடுவில் நிற்பவை காத்திருக்கின்றன.

அலையின் அடியும் அலையின் கொடையும்

ஊட்டும் நீரே அடிக்கவும் செய்யும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. ஆதலால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் நீர், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயற்காற்றுக்கு ஒப்பான விசையுடன் ஒரு பொருளைத் தள்ளும். புயல் நாளில் தென்னையும் வாழையும் படும் பாட்டை நாம் அறிவோம். கெல்ப் அத்தகைய புயலில் ஆண்டு முழுவதும் நிற்கிறது.

இங்கே ஆழம் மறுபடியும் உள்ளே வருகிறது. அலையின் அசைவு ஆழம் செல்லச் செல்லக் குறைந்து, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் ஏறத்தாழ இல்லாமற் போகிறது. கரையை நெருங்கும்போதோ, நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்குக்குக் குறையும் இடத்தில் அலை உடைந்து நொறுங்குகிறது. ஆறு மீட்டர் உயர அலை, ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழத்தில் உடையும். அந்த இடத்திலும் அதற்கு மேலும் நிற்கும் பெரிய கெல்ப் பிழைப்பது அரிது. ஆகவே காட்டின் கீழெல்லையை ஒளி வகுக்கிறது. மேலெல்லையைப் பெரும்பாலும் அலை வகுக்கிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள ஒரு தெருவில்தான் கெல்ப் காடு குடியிருக்கிறது.

அடிக்கும் அலையைக் கெல்ப் எவ்வாறு தாங்குகிறது? எதிர்த்து நிற்பதில்லை, உடன் போகிறது. பத்து நொடிக்கு ஓர் அலை என்றால், நீர் ஐந்து நொடி முன்னோக்கியும் ஐந்து நொடி பின்னோக்கியும் செல்லும். நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் ஐந்து மீட்டர் போய்த் திரும்பும். இருபது மீட்டர் நீளமுள்ள கெல்ப் அந்த ஐந்து மீட்டரும் நீருடனே போய்விடுகிறது. தண்டு முழுதும் இழுபடுவதற்குள் நீர் திரும்பிவிடுகிறது. நாணல் வளைந்து பிழைத்த கதைதான்! நீரியோசிஸ்டிஸ் என்னும் இன்னொரு கெல்ப்பின் தண்டு, அறுவதற்கு முன் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ரப்பரைப் போல் நீளவும் கூடியது.

அது மட்டுமன்று. அலைக்கேற்பத் தன் உருவத்தையும் கெல்ப் மாற்றிக்கொள்கிறது. நீரியோசிஸ்டிஸின் இலைகள் அமைதியான நீரில் அகன்று, ஓரங்கள் பாவாடைக் கரைபோல் சுருங்கி வளர்கின்றன; அச்சுருக்கங்களால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் விரிந்து ஒளியைப் பெறுகின்றன. வேகமான நீரில் அதே இனத்தின் இலைகள் குறுகி, நாடாவைப்போல் தட்டையாக வளர்கின்றன. நீர் இழுக்கும்போது ஒன்றாகச் சேர்ந்து ஒடுங்கிக்கொள்கின்றன. ஓரிடத்துச் செடியை மற்றோரிடத்தில் கொண்டுபோய் வைத்தபோது, புதிதாக வளர்ந்த பகுதி புதிய இடத்துக்குரிய உருவத்தைப் பெற்றதை அமெரிக்க ஆய்வாளர் கோயலும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்டனர். ஒரே இனம், இரண்டு உருவம்! நீரின் அசைவு எழுதப்படாத ஹெர்பேரியம் தாளில் இவ்விரண்டும் இருந்தால், வேறு வேறு இனங்கள் என்று நாம் மயங்கிவிடமாட்டோமா?

இன்னும் ஒரு கெல்ப் உண்டு. போஸ்டெல்சியா என்பது அதன் பெயர்; கடற்பனை என்று அழைக்கிறார்கள். அரை மீட்டர் உயரந்தான் இருக்கும். உருவத்தில் சிறு பனைமரமே. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலை மிகக் கடுமையாக மோதும் பாறைகளின் மேல்தான் அது வளரும். அமைதியான இடத்தில் வளராது. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். அப்பாறைகளைச் சிப்பிகள் முழுமையாக மூடிக்கொள்ளும். பேரலைகள் அச்சிப்பிகளைப் பெயர்த்தெறியும்போது உண்டாகும் வெற்றிடமே கடற்பனைக்கு நிலம். அலை இல்லையேல் அதற்கு இடமே இல்லை.

ஆழ்ந்த காட்டின் கூரையைத் திறப்பவர் யார் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? அதுவும் அலையே. குளிர்காலப் புயல் பெரிய கெல்ப்புகளைப் பிடுங்குகிறது. பிடுங்கப்பட்டவை அருகில் நிற்பவற்றைச் சுற்றிக்கொண்டு அவற்றையும் இழுத்துச் செல்கின்றன. கரையெங்கும் குவியல் குவியலாகக் கெல்ப் ஒதுங்குகிறது. பார்ப்பவர்க்கு அது அழிவு. ஆனால் அன்றுதான் கடலடிக்கு வெளிச்சம் இறங்குகிறது. இருட்டில் காத்திருந்த குழந்தைகள் அன்றுதான் எழுகின்றன.

கீழிருந்து எழும் நீர்

அப்படியானால் புயலுக்குப் பின் காடு எப்போதும் மீளுமா? மீள்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்றாவது வகை நீரசைவு ஒன்று நடக்க வேண்டும். அது பக்கவாட்டில் ஓடுவதன்று. ஆழத்திலிருந்து மேலே எழுவது.

கடலின் மேற்பரப்பில் உள்ள நைட்ரேட்டை மிதவை உயிர்கள் உண்டு தீர்த்துவிடுகின்றன. அவை இறந்து மூழ்கும்போது சத்தும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே கீழ்நீர் குளிர்ந்தது, சத்து மிக்கது. மேல்நீர் வெதுவெதுப்பானது, சத்தற்றது. தென் கலிபோர்னியாவில் நீர் ஏறத்தாழ 16 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டால் அதில் நைட்ரேட்டு இல்லையென்றே கொள்ளலாம். கெல்ப் தன் உடலில் சேமித்து வைக்கும் நைட்ரஜனோ சில வாரங்களுக்கே காணும்.

கீழ்நீரை மேலே கொண்டுவருவது காற்று. நான்சன் தம் துருவப் பயணத்தின்போது, பனிக்கட்டிகள் காற்றடிக்கும் திசையில் செல்லாமல் அதற்கு வலப்புறமாக விலகிச் செல்வதைக் கண்டார். பூமியின் சுழற்சியே இதற்குக் காரணம் என்பதை எக்மன் 1905இல் கணித முறையில் விளக்கினார். வட அரைக்கோளத்தில் மேல்நீர் காற்றின் வலப்புறம் தள்ளப்படுகிறது. கலிபோர்னியாவில் வசந்த காலத்தில் வடக்கிலிருந்து கரையோரமாகக் காற்று வீசும்போது, மேல்நீர் கரையை விட்டு விலகி நடுக்கடலை நோக்கிச் செல்கிறது. வெற்றிடத்தை நிரப்பக் கீழ்நீர் எழுகிறது. கெல்ப் காட்டுக்கு அதுவே விருந்து.

இந்த விருந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 1982-83 எல் நினோவின்போது பெரும் புயல்கள் தென் கலிபோர்னியக் காடுகளைப் பிடுங்கின. தொடர்ந்து வந்த வெப்பமான, சத்தற்ற நீரில் எஞ்சியவை நலிந்தன. பின்னர்க் குளிர்ந்த நீர் திரும்பியது, காடுகளும் திரும்பின. இரண்டாவது சான்று அவ்வளவு நல்ல முடிவு கொண்டதன்று. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் பெரும் வெப்ப அலை ஒன்று தங்கியது. அதற்குச் சற்று முன் 2013இல் பரவிய நோயால், கடல்முள்ளிகளைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திரமீன்கள் மாண்டிருந்தன. ஒருபுறம் சத்தற்ற நீர். மறுபுறம் தடுப்பாரின்றிப் பெருகிய கடல்முள்ளிகள். வட கலிபோர்னியாவில் 350 கிலோமீட்டர் நீளக் கரையில் நீரியோசிஸ்டிஸ் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறைந்தன. கெல்ப்பை உண்டு வாழும் சிவப்பு அபலோனி நத்தைகள் பட்டினியால் மடிய, அவற்றைப் பிடிப்பது 2018இல் நிறுத்தப்பட்டது.

கீழ்நீரின் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்கே போய்விட்ட கெல்ப்பும் உண்டு. நிலநடுக்கோட்டில் உள்ள கலாபகோஸ் தீவுகளில், நீர் தெளிந்தும் குளிர்ந்தும் இருக்கும் 30 மீட்டருக்குக் கீழான ஆழத்தில் கெல்ப் காடுகள் இருப்பதை 2007இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இத்தகைய ஆழ்காடுகள் வளரத்தக்க இடம் வெப்பமண்டலக் கடல்களில் 23,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டனர். ஒளியும் குளிர்ச்சியும் சந்திக்கும் ஆழம் எதுவோ, அதுவே கெல்ப்பின் ஊர்.

நம் பக்கத்துக் கடலில்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ணி நூலை மூடப்போன நேரத்தில்தான் ஒரு செய்தி என்னைத் தடுத்து நிறுத்தியது. கெல்ப் காடு ஒன்று நமக்குப் பக்கத்தில், அரபிக் கடலிலேயே இருந்திருக்கிறது.

நம் மன்னார் வளைகுடாவின் மேல்நீர் பெரும்பாலும் 25 பாகைக்கு மேலேயே இருப்பதால் கெல்ப் அங்கே வாழாது. அதன் தூரத்து உறவான சர்காசம்தான் உண்டு. ஆனால் குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாட்களில், தென்மேற்குப் பருவக்காற்று ஓமான் நாட்டின் தோஃபார் கரையோரமாக வீசுகிறது. மேல்நீர் கரையைவிட்டு விலக, ஆழத்துக் குளிர்நீர் எழுகிறது. சுட்டெரிக்கும் அரபுக் கோடையின் நடுவே அந்தக் கடல் மட்டும் குளிர்ந்துவிடுகிறது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊரார் சலாலாவின் கோடைப் பனிமூட்டத்தைச் சொல்லக் கேட்டிருப்போம்; அதன் பின்னால் இருப்பதும் இந்தக் குளிர்நீரே. அந்தக் குளிர்ச்சியை நம்பி, தோஃபாரின் சதா என்னும் ஊரை ஒட்டிய கடலில் எக்லோனியா ரேடியேட்டா என்னும் கெல்ப் வளர்ந்தது. வட அரைக்கோளத்தில் அந்த இனம் வாழ்ந்ததாக உறுதி செய்யப்பட்ட ஒரே இடம் அதுதான். 1980களில் ஆய்வாளர்கள் அக்காடுகளைக் கண்டு எழுதிவைத்தார்கள்.

அண்மைக் காலத்தில் மீண்டும் சென்று தேடியபோது அங்கே ஒரு கெல்ப்கூடக் கிடைக்கவில்லை. 2022இல் வெளிவந்த ஆய்வு அதனை இழந்த காடு என்றே அறிவித்தது. அது உண்மையில் எக்லோனியா ரேடியேட்டாதானா என்பதை எப்படி உறுதி செய்தார்கள் தெரியுமா? முன்பு யாரோ பறித்து, அழுத்தி, உலர்த்தி, சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போன ஹெர்பேரியம் தாள்களிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தார்கள். காடு போய்விட்டது, அந்தத் தாள்கள் மட்டும் இருந்தன.

அதைப் படித்தபின் என் தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் சென்றேன்.

"சார், அந்த இரண்டு இடங்களையும் இப்போது எழுதிவிடட்டுமா?"

"எத்தனை அடி ஆழத்தில் பறித்தாய்?"

"முழங்கால் அளவு இருக்கும், சார்."

"பாம்பன் பாலத்துக்கு வடக்கேயா, தெற்கேயா? அலை இருந்ததா?"

நான் விழித்தேன். பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏரிபோல் கிடந்ததும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடித்ததும் நன்றாக நினைவிருந்தது. ஆனால் இந்தப் பாசியை எந்தப் பக்கம் பறித்தேன் என்பது நினைவில்லை.

"நினைவில்லை, சார்."

"அப்படியானால் வெறுமையாகவே இருக்கட்டும். தெரியாததை எழுதுவதைவிட வெறுமை மேல்."

பிறகு அவர் துறையின் அலமாரியைத் திறந்து, பழுப்பேறிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார். 1978ஆம் ஆண்டில் இதே கல்லூரியில் படித்த மாணவர் ஒருவர் ஒட்டிய சர்காசம். பாசி கறுத்து, நுனிகள் உதிர்ந்து, பார்வைக்கு என்னுடையதில் பாதி அழகுகூட இல்லை. சீட்டில் மட்டும் நீலமையில் தெளிவாக எழுதியிருந்தது: 'பாலத்துக்குத் தெற்கே. பாறைமேல். நீர் வற்றியபோது மூன்றடி. அலை மிகுதி.' அந்த இடத்துக்கு இன்று சென்றால், அன்றிருந்ததையும் இன்றிருப்பதையும் ஒப்பிட்டுச் சொல்லலாம். என் தாளைக் கொண்டு ஒன்றும் சொல்ல இயலாது.

ஆழமும் அலையும் ஒரு பாசியின் முகவரி. ஒளியும் உணவும், அடியும் வாய்ப்பும் அந்த முகவரிக்குத்தான் வந்து சேருகின்றன. முகவரி மாறினால் உருவம் மாறுகிறது. முகவரி அழிந்தால் காடே அழிகிறது. அதை எழுதாமல் பாசியை மட்டும் ஒட்டிவைப்பது, உறைமேல் ஒன்றும் எழுதாமல் கடிதத்தைத் தபாலில் போடுவதற்குச் சமம்.

அடுத்த கல்விச் சுற்றுலாவிற்காக ஒரு கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டி வைத்திருக்கிறேன். நமக்குப் பின் இக்கல்லூரிக்கு வரப்போகும் இளையவர்கள் அந்த அலமாரியைத் திறக்கும்போது நம் தாள்கள் ஏதேனும் பேச வேண்டும் அல்லவா? முதலாண்டு, இரண்டாமாண்டு நண்பர்களே, சீட்டில் எந்த இடத்தையும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.